உள்ளே வாங்க, கதவு திறந்துதான் கிடக்கு!

வெம்ப்ளி மைதானத்தில் வீரர்கள் உடைமாற்றும் அறையை எட்டிப் பார்க்க ஆசையா? அதற்கென்று தனியாகச் சுற்றுலா டிக்கெட் எடுக்க வேண்டும். அதுவும் ஆட்டம் இல்லாத நாளில். காலிப் பெஞ்சு, கொக்கியில் மாட்டிய சட்டை, வழிகாட்டியின் மனப்பாடப் பேச்சு, ஒரு செல்ஃபி. அவ்வளவுதான்.

அங்கே இறுதியாட்டம் நடக்கும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பையின் அடிப்படியில் கதையே வேறு. ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில், பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன ஊர். செப்டம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ராத்திரி. உடைமாற்றும் அறையின் சன்னல் ஆவென்று திறந்திருக்கிறது. தைல வாடை மூக்கைத் துளைக்கிறது. உள்ளே பயிற்சியாளர் கத்துகிறார்: “அந்த ஒன்பதாம் நம்பரை விடாதீங்கன்னு சனிக்கிழமையே சொன்னேனா இல்லையா?” வெளியே கையில் சிப்ஸோடு நிற்கும் பெரியவர் ஒருவர் சன்னலைப் பார்த்துப் பதில் சொல்கிறார்: “சொன்னீங்க! நானும் கேட்டேன்!”

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தரங்கமான போர்த் தந்திரம் என்கிறார்களே, அது இங்கே சிப்ஸ் தின்பவர் காதில் விழுந்து, அவர் ஒப்புதலும் வாங்கி, பிறகுதான் ஆடுகளத்துக்கே போகிறது!

திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எழுதத்தான் வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே திரையே கிடையாது.

எட்டுச் சுற்றுக்குக் கீழே ஓர் உலகம்

எஃப்.ஏ. கோப்பை என்றதும் நமக்கு மே மாதத்து வெம்ப்ளி, கோட்டு சூட்டு, பட்டாசு, கோப்பையைத் தூக்கும் கேப்டன் என்றுதான் கண்ணில் வரும். நாடு தழுவிய கால்பந்துப் போட்டிகளில் உலகிலேயே பழையது இதுதான். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் (எஃப்.ஏ.) செயலாளர் சார்லஸ் அல்காக் 1871 ஜூலையில் யோசனையைச் சொன்னார். முதல் ஆண்டில் 15 கிளப்புகள் பெயர் கொடுத்தன. 1872 மார்ச் 16 அன்று முதல் இறுதியாட்டம் நடந்த இடம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும்: லண்டன் ஓவல். வாண்டரர்ஸ் அணி, ராயல் இன்ஜினியர்ஸ் என்ற ராணுவ அணியை 1-0 என்று வென்றது.

இப்போது 700-க்கும் மேற்பட்ட கிளப்புகள் கலந்துகொள்கின்றன. ஆகஸ்ட் தொடக்கத்தில், ஊரே கடற்கரையில் வெயில் காயும்போது, ‘கூடுதல் முன்சுற்று’ தொடங்கிவிடும். அப்புறம் முன்சுற்று. அப்புறம் நான்கு தகுதிச் சுற்றுகள். இவ்வளவும் தாண்டினால்தான் நவம்பரில் ‘முதல் சுற்று’ வரும்! மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் போன்ற பெரிய தலைகள் ஜனவரியில் மூன்றாம் சுற்றில் வந்து உட்காரும்போது, எட்டுச் சுற்று ஆட்டம் ஓடி முடிந்திருக்கும். அந்த எட்டில் நான் பார்க்கப் போனது முதல் தகுதிச் சுற்று. சனிக்கிழமை எதிரணியின் ஊரில் 1-1 சமன். அதனால் இன்று ராத்திரி இங்கே மறுஆட்டம்.

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப்பான ஷெஃபீல்டு எஃப்.சி. 1857-ல் பிறந்தது இங்கேதான். உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் ஏற்றுக்கொண்ட சாண்டிகேட்டும் இந்நகரின் மேற்கு விளிம்பில்தான் இருக்கிறது. ஹாலம் எஃப்.சி.யின் சொந்த மைதானம் அது. 1860 டிசம்பர் 26 அன்று அங்கே ஹாலமும் ஷெஃபீல்டும் மோதின. களம் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சரியும். பந்து தானாகவே இறங்கிப் போகும். இந்த இரண்டு முன்னோடிகளும் இன்னும் உயிரோடிருந்து, இன்னும் கோப்பையின் இந்த அடித்தட்டுச் சுற்றுகளில்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். விளையாட்டையே பெற்றெடுத்தவர்கள் வரிசையில் கடைசியில் நிற்கிறார்கள். அவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஆறு மணிக்கு வந்தால் வேலை கிடைக்கும்

ஆட்டம் ஏழே முக்காலுக்கு. நானும் ஷெஃபீல்டில் வேலை பார்க்கும் என் நண்பனும் ஆறு மணிக்கே போய்விட்டோம்.

“ஏன்டா இவ்வளவு சீக்கிரம்? கேட்டே திறந்திருக்காது.”

“மச்சான், கேட்டைத் திறக்கிறதே பார்க்க வேண்டிய காட்சிதான். பேசாம வா.”

அவன் சொன்னது சரிதான். சாவிக்கொத்தோடு வந்த அம்மையார் கிளப்பின் செயலாளர். வீரர்களின் பதிவுக் காகிதம், நடுவருக்கு அறை, காவல்துறைக்குக் கடிதம், எதிரணிக்கு வழி சொல்வது, எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் பூஜ்யம். பகலில் அவருக்கு வேறு அலுவலகம். அவருக்குப் பின்னால் வந்தவர் கிளப்பின் தலைவர். தலைவர் என்றால் மாலை மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். கையில் வாளியும் துடைப்பமும். கழிப்பறையைக் கழுவிவிட்டுத்தான் அவர் டை கட்டினார்.

களத்தில் புல்லைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர், வெள்ளைக்கோடு போடும் தள்ளுவண்டியைச் சர்ரென்று உருட்டிக்கொண்டிருந்தார். அவர் யாரோடும் பேசவில்லை. பெனால்ட்டிப் பெட்டிக்குள் கால் வைத்த ஒரு சிறுவனை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். பையன் காற்றாய்ப் பறந்தான்.

வீரர்கள் வருவதைப் பார்க்க வேண்டுமே! சொகுசு பஸ் இல்லை, காதில் பெரிய ஹெட்ஃபோன் இல்லை. ஒருவர் வேனில் வந்தார், வேனின் பக்கவாட்டில் ‘பாய்லர் பழுது பார்க்கப்படும்’ என்றும் ஒரு போன் நம்பரும். ஒருவர் பள்ளி ஆசிரியர், கையில் திருத்த வேண்டிய நோட்டுக்கட்டு. இன்னொருவர் கட்டட வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், பூட்ஸில் சிமென்ட் காய்ந்து கிடந்தது. ஆட்டத்துக்கென்று கையில் கிடைக்கும் காசு பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். நாள் முழுக்க உழைத்த உடம்போடு இன்னும் தொண்ணூறு நிமிடம் ஓட வந்திருக்கிறார்கள்.

இப்படி ஓடியவர்களில் ஒருவரை உங்களுக்கே தெரியும். ஜேமி வார்டி. ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப்பின் இளையோர் அணி, உயரம் போதாது என்று பதினாறு வயதில் அவரை அனுப்பிவிட்டது. பக்கத்து ஊரான ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் வாரத்துக்கு 30 பவுண்டுக்கு ஆடினார். பகலில் ஊனமுற்றோருக்கான கால்தாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை. இதே போன்ற தகுதிச் சுற்றுகளில், இதே போன்ற வேலியோரத் திட்டுகளைக் கேட்டுக்கொண்டு கோல் அடித்தார். 2016-ல் லெஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக் பட்டம். 2021 மே 15-ல் வெம்ப்ளியில் செல்சியை 1-0 என்று வீழ்த்தி அதே எஃப்.ஏ. கோப்பை. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் மைதானத்தில் இப்போது அவர் பெயரில் ஒரு பார்வையாளர் மேடை நிற்கிறது. அதனால் வேனிலிருந்து இறங்கும் யாரையும் இங்கே இளக்காரமாகப் பார்த்துவிட முடியாது. நான் பாய்லர்காரரை உற்று உற்றுப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

ஏழு மணி வாக்கில் இன்னொரு சின்ன நாடகம். இரண்டு அணிப் பொறுப்பாளர்களும் நடுவர் அறை வாசலில் வீரர் பட்டியலைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். நடுவர் அறை என்பது அலமாரியைவிடக் கொஞ்சம் பெரியது. மேசையில் ஒரு டீ குடுவை, ஒரு தட்டு பிஸ்கட். மூன்று பேர் முட்டிக்கு முட்டி இடித்தபடி உடை மாற்றுகிறார்கள். பட்டியல் வந்த அடுத்த நொடியே செயலாளரம்மா அதை வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதி வாசலில் சாய்த்து வைத்துவிட்டார். கூட்டம் அதை மொய்த்தது. ஒருவர் தன் குறிப்பேட்டில் அத்தனை பெயரையும் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டார். ஊர் ஊராகப் போய்ப் புதுப்புது மைதானங்களைப் பார்ப்பதே வாழ்க்கையாகக் கொண்ட ரசிகர்கள் இங்கிலாந்தில் ஏராளம், அவர்களில் ஒருவர். எந்த அணி ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுதான். கோல் இல்லாமல் முடிந்தால்தான் வருத்தம்.

விளக்கு எரிந்தது, நெஞ்சு அடித்தது

அப்புறம் விளக்கு போட்டார்கள். ஐயோ!

நாலு மூலையிலும் கம்பங்கள். முதலில் ஓர் உறுமல். மங்கலாக ஊதா நிறத்தில் கண் திறந்து, மெல்ல மெல்ல வெளுத்து, கடைசியில் புல் முழுக்கப் பச்சைப் பட்டு விரித்த மாதிரி ஜொலித்தது. பகலில் பார்த்த அதே மேடும் பள்ளமும்தான். ஆனாலும் ராத்திரி வெளிச்சம் பட்டதும் அதற்கொரு ராஜகளை வந்துவிட்டது. கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் “ஓ” என்று கூவினார்கள். நானும் கூவினேன், மறைக்க என்ன இருக்கிறது.

ராத்திரி ஆட்டத்துக்கும் இந்தப் பகுதிக்கும் பழைய உறவு. 1878 அக்டோபர் 14 அன்று ஷெஃபீல்டின் பிராமல் லேன் மைதானத்தில்தான் முதன்முதலாக மின்விளக்கில் கால்பந்து ஆடிக் காட்டினார்கள். மரக்கோபுரங்களில் ஏற்றிய விளக்கு. ஆடிய இரண்டு அணிகளுக்கும் கேப்டன்கள் அண்ணன் தம்பிகளான கிளெக் சகோதரர்கள். விளக்கைப் பார்க்கவே ஜனம் திரண்டது. ஆனால் கால்பந்துச் சங்கத்துக்கு இந்த வெளிச்சம் பிடிக்கவில்லை. 1930-ல் தன் கிளப்புகள் விளக்கில் ஆடக் கூடாது என்று தடையே போட்டது. இருபது வருடம் அந்தத் தடை நின்றது.

தடை விலகிய பிறகு எஃப்.ஏ. கோப்பையில் முதன்முதலாக விளக்கொளியில் நடந்த ஆட்டம் எது தெரியுமா? எந்தப் பெரிய கிளப்பின் ஆட்டமும் அல்ல. 1955 செப்டம்பர் 14, கிட்டர்மின்ஸ்டர் ஹாரியர்ஸும் பிரயர்லி ஹில் அலையன்ஸும் மோதிய முன்சுற்று மறுஆட்டம். கிட்டர்மின்ஸ்டர் 4-2 என்று வென்றது. லீக் ஆட்டம் ஒன்று விளக்கில் நடக்க அடுத்த பிப்ரவரி வரை ஆயிற்று. பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது சின்னவர்கள் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். இன்று நாங்கள் பார்த்ததும் செப்டம்பர் மாதத்து மறுஆட்டம்தான் என்பதை நினைக்க எனக்குக் கூடுதலாக ஒரு துள்ளல்.

டீக்கடை ராஜ்ஜியம்

எந்த மைதானமானாலும் அதிகார மையம் ஒன்று இருக்கும். இங்கே அது தகரக் கூரை போட்ட டீக்கடை. உள்ளே ஒரு பாட்டி, அவருடைய மகள், பேத்தி. மூன்று தலைமுறை ஆட்சி.

“என்ன கண்ணு வேணும்? முதல் தடவையா வர்றே போல. சிப்ஸ்ல கிரேவி ஊத்தட்டுமா?”

வடக்கில் சிப்ஸின் மேல் பழுப்பு நிறக் குழம்பை ஊற்றித் தருவார்கள். வேண்டாம் என்றால் பாவமாகப் பார்ப்பார்கள். இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ இன்னொரு பக்கம் ஆவி பறந்தது, கூடவே மசித்த பச்சைப் பட்டாணி. குளிர் நாளுக்கென்று போவ்ரில், மாட்டிறைச்சிச் சாற்றை வெந்நீரில் கலந்த பானம். ஒரு வாய் குடித்தேன். காதிலிருந்து புகை வராத குறை. என் நண்பன் மட்டும் ரசித்துக் குடித்தான், இந்த ஊர்க்காரனாகவே மாறிவிட்டான்.

பக்கத்திலேயே பீர். கையில் பிளாஸ்டிக் கோப்பையோடு நேராக வேலியோரம் வந்து நின்றுகொண்டு ஆட்டம் பார்க்கலாம். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இங்கிலாந்தில் 1985-லிருந்து ஒரு சட்டம் உண்டு. பெரிய லீக் ஆட்டங்களில் களம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மது அருந்தக் கூடாது. பிரீமியர் லீக் ரசிகர் பீரைப் படிக்கட்டுக்கு அடியிலேயே மடமடவென்று முடித்துவிட்டுத்தான் இருக்கைக்குப் போக வேண்டும். எஃப்.ஏ. கோப்பைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும், ஒரே விலக்கோடு: முன்சுற்றுகளும் தகுதிச் சுற்றுகளும் அதில் சேராது. ஆக, கோப்பை ஆட்டத்தையும் பீரையும் ஒரே நேரத்தில் ருசிக்கும் பாக்கியம் ஏழைச் சுற்றுகளுக்கு மட்டும்தான். சட்டமே நம் பக்கம்!

டீக்கடைக்கும் நுழைவாயிலுக்கும் நடுவில் ஒருவர் மடித்து ஒட்டிய சீட்டுகளை விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பவுண்டு. உள்ளே ஒரு நிமிட எண் இருக்கும். முதல் கோல் அந்த நிமிடத்தில் விழுந்தால் பரிசு. நான் பிரித்தேன்: 1. “அட போங்க!” என்று அலுத்துக்கொண்டேன். விற்றவர் விரலை ஆட்டினார். “அப்படிச் சொல்லாதீங்க. இந்தச் சுற்றுலதான் அந்த கோலே!”

உண்மை. 2001 செப்டம்பர் 15, இதே முதல் தகுதிச் சுற்றில், ஸ்கெல்மர்ஸ்டேல் அணிக்கு எதிராக ஆஷ்டன் யுனைடெட்டின் கேரத் மாரிஸ் அடித்த கோல் கோப்பை வரலாற்றிலேயே மிக வேகமானது. ஆட்டம் தொடங்கி சுமார் நாலே வினாடி. டீக்கடை வரிசையில் நின்றவர்கள் கதி என்ன ஆகியிருக்கும்! இந்த நம்பிக்கையில் சீட்டைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தேன்.

காதுக்குத்தான் முதல் விருந்து

ஏழே முக்கால். விசில். என் சீட்டு அறுபது வினாடியில் காலாவதி.

ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே முதல் அதிர்ச்சி சத்தம்தான். கூட்டத்தின் சத்தமல்ல, கூட்டமே சில நூறு பேர். ஆட்டத்தின் சத்தம்! பந்தில் பூட்ஸ் படும் ‘தப்’, இரண்டு முழங்கால் மோதும் ‘டக்’, கோல்கீப்பர் தன் தடுப்பாளர்களைப் பெயர் சொல்லி வறுத்தெடுப்பது, பயிற்சியாளர் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு வேலியோரம் நிற்கும் குழந்தைகளைப் பார்த்து “மன்னிக்கணும்” என்பது. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். கோட்டோரம் ஓடும் துணை நடுவரிடம் ஒருவர் கேட்டார்: “சார், உங்க கொடி வேலை செய்யுதா, இல்ல பேட்டரி போடணுமா?” அவர் திரும்பாமலே, “வேலை செய்யுது, உங்க கண்ணைத்தான் டெஸ்ட் பண்ணணும்” என்றார். வேலியோரம் வெடித்தது. வீடியோ நடுவர் இல்லாத இடத்தில் நியாயத்தை இப்படித்தான் பேசித் தீர்க்கிறார்கள்.

கோலுக்குப் பின்னால் நின்றால் எதிரணி கோல்கீப்பர் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்த விருந்தாளி மாதிரி. மஞ்சள் சட்டை போட்ட அந்த இளைஞரிடம் இருபது பேர் ஒரே நேரத்தில் வம்பளந்தார்கள். அவரும் சளைக்கவில்லை. பந்து மறுபாதியில் இருந்தபோது திரும்பி, “சிப்ஸ் நல்லா இருக்கா?” என்று கேட்டார். ஒருவர் நீட்டினார். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கோலுக்கு ஓடினார். இதற்கு முன் எந்த ஆட்டத்திலும் நான் கோல்கீப்பர் வாயில் சிப்ஸ் பார்த்ததில்லை.

பத்து நிமிடம் கழித்து எதிரணி அடித்த பந்து கோலுக்கு மேலே பறந்து, மரத்துக்கும் மேலே பறந்து, பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விழுந்தது. ஒரு பையன் வேலியில் தாவி ஏறினான். சற்று நேரத்தில் வீட்டுக்காரரே பந்தைத் தூக்கித் திருப்பி எறிந்தார். கைதட்டல் அவருக்குத்தான் அதிகம்.

இந்த வேலி விவகாரம் ஒருமுறை உலகத் தொலைக்காட்சி வரை போனது. லிவர்பூலுக்கு வடக்கே கிராஸ்பியில் இருக்கும் மரைன் கிளப்பின் மைதானத்தை ஒட்டி வீட்டுக் கொல்லைப்புறங்கள். 2020-21 பருவத்தில் எட்டாம் அடுக்கில் இருந்த அந்த அணி, முன்சுற்றில் தொடங்கி ஏழு ஆட்டம் ஜெயித்து மூன்றாம் சுற்றுக்கு வந்துவிட்டது. சீட்டுக் குலுக்கலில் வந்தது டாட்டன்ஹாம்! 2021 ஜனவரி 10 அன்று கொரோனாவால் மைதானத்துக்குள் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. அதனாலென்ன? கொல்லைப்புறக்காரர்கள் தங்கள் வேலிக்கு மேலிருந்தே உலகப் புகழ் பெற்றவர்களைப் பார்த்தார்கள். உள்ளே வர முடியாதவர்களுக்காகக் கிளப் 10 பவுண்டு ‘நிழல் டிக்கெட்’ விற்றது. 30,000-க்கு மேல் வாங்கினார்கள். டாட்டன்ஹாம் 5-0 என்று வென்றது. அந்தத் தோல்வியில் மரைன் நல்ல வருமானத்துக்கு வழி பண்ணிக்கொண்டது.

இடைவேளை: எல்லோரும் இடம் மாறுங்கள்

முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. இடைவேளை விசில் அடித்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டம் மொத்தமும் நகர்கிறது. சண்டையா? இல்லை. தங்கள் அணி அடுத்த பாதியில் எந்தப் பக்கம் கோல் அடிக்கப் போகிறதோ அந்தப் பக்கத்துக்கு ரசிகர்கள் இடம் மாறுகிறார்கள். இரண்டு அணி ரசிகர்களும் நடுவழியில், டீக்கடை முன்னால், எதிரும் புதிருமாகக் கடந்து போகிறார்கள். வேலி இல்லை, காவலர் இல்லை. “உங்க ஒன்பதாம் நம்பர் நல்லா ஆடறான்யா.” “உங்க கீப்பர் தம்பி என் பேரன் மாதிரியே இருக்கான்.” பெரிய மைதானங்களில் நூற்றுக்கணக்கான காவலர்களைப் போட்டுப் பிரித்து வைக்கும் கூட்டம் இங்கே ஒரே சாஸ் பாட்டிலுக்கு வரிசையில் நிற்கிறது.

ஒலிபெருக்கியில் குலுக்கல் பரிசு அறிவிப்பு. முதல் பரிசு இறைச்சிக் கூடை. கரகரப்பில் நம்பர் சரியாகக் கேட்கவில்லை. மூன்று பேர் ஜெயித்ததாக நினைத்து ஓடினார்கள்.

பாய்லர்காரர் வருகிறார்

இரண்டாம் பாதியில் உள்ளூர் அணி சமன் செய்தது. 1-1. மணி ஒன்பதைத் தாண்டியது. வேலியோரத்தில் முகங்கள் இறுகின. இந்தச் சுற்றுகளில் முடிவு இழுத்துக்கொண்டே போன கதைகள் எல்லோருக்கும் தெரியும். 1971-ல் நான்காம் தகுதிச் சுற்றில் ஆல்வ்சர்ச்சும் ஆக்ஸ்ஃபோர்டு சிட்டியும் மோதின. சமன். மறுஆட்டம், சமன். மறுபடி, மறுபடி, மறுபடி. ஆறாவது ஆட்டத்தில்தான், மொத்தம் 11 மணி நேரம் ஆடிய பிறகு, ஆல்வ்சர்ச் 1-0 என்று தப்பியது. அடுத்த சுற்றிலேயே தோற்றும் போனது! 2005 ஆகஸ்ட் 31-ல் டன்பிரிட்ஜ் வெல்ஸும் லிட்டில்ஹாம்ப்டனும் ஆடிய முன்சுற்று மறுஆட்டம் பெனால்ட்டிக்குப் போய் 40 உதை உதைத்தார்கள். 16-15. கோல்கீப்பர்களே வந்து உதைத்து, மறுபடி முதல் ஆளிலிருந்து தொடங்கி, ஊர் தூங்கப் போகாத ராத்திரி அது. 2024-25 பருவத்திலிருந்து ‘முதல் சுற்று’ தொடங்கி மேலே எங்கும் மறுஆட்டம் கிடையாது என்று ஒழித்துவிட்டார்கள், பெரியவர்களுக்கு நேரமில்லையாம். இன்றைக்கு எங்களுக்கு நேரம் நிறைய இருந்தது.

எண்பதாம் நிமிடம். மாற்று ஆட்டக்காரராக எழுந்தார் என் பாய்லர்காரர். ஒரு துள்ளல், இரண்டு துள்ளல், நடுவரிடம் பூட்ஸின் அடியைக் காட்டினார், உள்ளே போனார். எண்பத்தெட்டில் வலது ஓரத்திலிருந்து ஒரு தூக்கு. பந்து காற்றில் தயங்கியது. கீப்பர் தம்பி வெளியே வந்தார், பாதி வழியில் நின்றார். அந்தத் தயக்கம் போதும். பாய்லர்காரரின் நெற்றியில் பட்டு, கம்பத்தின் உட்பக்கம் பட்டு, வலைக்குள்!

நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. பீர் மழை பெய்தது. தலைவர் டையைக் கழற்றிச் சுற்றினார். புல்காரர், அந்தப் பேசாத மனிதர், பெனால்ட்டிப் பெட்டி வரை ஓடிவந்துவிட்டு, தன் கால் புல்லில் இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு வெளியே தாவினார்.

விசில். 2-1.

கொடிக்கம்பை யார் எடுப்பது?

பெரிய மைதானத்தில் இந்த நேரத்துக்கு ரசிகர் ரயிலுக்கு நெருக்கியடித்துக்கொண்டிருப்பார். இங்கே இரண்டாவது ஆட்டம் இப்போதுதான் ஆரம்பம். “தம்பிங்களா, சும்மா நிக்கறீங்களே, அந்த மூலைக் கொடியை எடுத்துட்டு வாங்க” என்றார் செயலாளரம்மா. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த எங்களிடம்! நாங்கள் ஓடினோம். ஒருவர் வலையை அவிழ்த்தார், ஒருவர் நாற்காலியை அடுக்கினார், தலைவர் மறுபடி வாளியைத் தூக்கினார். ஐந்து நிமிடத்தில் நாங்கள் ரசிகர்களா ஊழியர்களா என்பதே கலங்கிவிட்டது. இந்தக் கிளப் இத்தனை வருடம் எப்படி ஓடுகிறது என்பதன் ரகசியம் இவ்வளவுதான்: வேடிக்கை பார்க்க வருகிறவர் கையில் எதையாவது திணித்துவிடுகிறார்கள்.

கிளப்பின் கூடத்தில் இரண்டு அணிக்கும் ஒரே சாப்பாடு, ஒரே மேசை. தோற்ற கீப்பர் தம்பியை வேலியோரம் வம்பளந்த அதே இருபது பேர் சூழ்ந்துகொண்டு தேற்றினார்கள். கோல் அடித்த நாயகன் தட்டோடு உட்கார்ந்தார். டீக்கடைப் பாட்டி நேராக வந்து நின்றார்.

“கோல் எல்லாம் சரிப்பா. என் வீட்டு பாய்லர் ரெண்டு வாரமா சூடே ஆகல. எப்ப வர்றே?”

“நாளைக்குச் சாயந்திரம், கட்டாயம் வர்றேன்மா.”

அடுத்த மேசையில் கணக்கு. 2024-25 பருவத்தில் இந்தச் சுற்றில் ஜெயித்தவருக்கு 2,250 பவுண்டு, தோற்றவருக்கு 750. மே மாதம் வெம்ப்ளியில் ஜெயிப்பவருக்கு 20 லட்சம். அந்தப் பெரிய தொகை அங்கே யாருடைய கணக்கில் கரையுமோ தெரியாது. இந்த 2,250 எங்கே போகும் என்று செயலாளரம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும்: ஓடுகிற ஒரு புல்வெட்டி, ஒழுகாத ஒரு கூரை. டிக்கெட் வசூலில் செலவு போக மிச்சத்தை எதிரணிக்கும் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். அதையும் எண்ணி உறையில் போட்டுவிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் இந்தத் திருவிழா. சனிக்கிழமை ஆட்டத்தைவிடச் செவ்வாய், புதன் ராத்திரி மறுஆட்டத்துக்குப் போங்கள். சில்லறை எடுத்துப் போங்கள், குலுக்கல் சீட்டு, டீ, நிகழ்ச்சி மலர் என்று கை நீளும். சீக்கிரம் போங்கள். கீப்பருக்குச் சிப்ஸ் நீட்டுங்கள்.

அடுத்த சுற்றுக்கான சீட்டுக் குலுக்கல் திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. அடுத்த வார இறுதியில் மலை தாண்டி வெளியூர் ஆட்டம். கதவருகே செயலாளரம்மா பேனாவும் கையுமாக நின்றார்.

“பஸ்ஸில் ரெண்டு இடம் காலியா இருக்கு. பேர் எழுதிக்கட்டுமா? ஆனா போறப்ப பந்து மூட்டையை நீங்கதான் தூக்கணும்.”

நண்பன் என்னைப் பார்க்கவேயில்லை. “எழுதுங்க” என்றான்.